நான்கு கோடுகளில் ஒரு வீடு

நோயாளிகள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி நோயைப் பற்றியதன்று. 'வீட்டுக்கு எப்போது அனுப்புவீர்கள்?' என்பதுதான். கம்பத்திலிருந்தோ போடியிலிருந்தோ பழனிசெட்டிபட்டிக்கு வந்து சேர்ந்தவருக்குச் சொந்த வீடு வெகுதொலைவில் இல்லை. ஆயினும் கட்டிலில் மூன்று இரவுகள் கழிந்ததும் அது எட்டாத ஊராகிவிடுகிறது.

இந்த ஏக்கத்தையே தம் கலைக்குப் பொருளாக்கியவர் ஜரீனா ஹாஷ்மி. 1937ஆம் ஆண்டு அலிகரில் பிறந்தார். தந்தை அங்கே வரலாற்றுப் பேராசிரியர். ஜரீனா பயின்றது கணிதம். திருமணத்துக்குப் பின் பல நாடுகளில் வாழ்ந்து, பாரிஸிலும் டோக்கியோவிலும் அச்சுக்கலை கற்று, நியூயார்க்கில் தங்கினார். தேசப் பிரிவினைக்குப் பிந்தைய ஆண்டுகளில் பெற்றோரும் கராச்சிக்குக் குடிபெயர்ந்தனர். அலிகர் வீடு நினைவில் மட்டுமே எஞ்சியது. 2011இல் இத்தாலியின் வெனிஸ் நகரக் கலைவிழாவில் இந்திய அரங்கில் இடம்பெற்ற கலைஞர்களுள் அவரும் ஒருவர். 2020இல் மறைந்தார்.

அச்சுப்படம் நமக்குப் புதியதன்று. கல்யாணப் பத்திரிகையையும் துணிப்பையையும் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்யும்போது வலைத்துணியின் வழியே மை இறங்கி உருப் பதிகிறது. மர அச்சில், செதுக்கிய பலகையின் மேட்டுப்பகுதியில் மை தடவித் தாளில் ஒற்றுகிறார்கள். இம்முறையில் ஜரீனா 1999இல் உருவாக்கிய 36 படங்களின் தொகுப்புக்கு 'வீடு ஓர் அந்நிய இடம்' என்று பெயர். வாசற்படி, கதவு, முற்றம், சுவர், மழை எனச் சொற்களை முதலில் தேர்ந்தெடுத்தார். பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் செதுக்கினார். படத்தின் கீழே அச்சொல் உருதுவில் இருக்கும். மனித உருவமோ மரமோ மாடமோ இல்லை. பெரும்பாலும் கறுப்புக் கோடுகளும் வடிவங்களுமே.

'இதில் என்ன தெரிகிறது?' என்று சிலர் தயங்கக்கூடும். தாம் வளர்ந்த வீட்டை நான்கு கோடுகளில் வரைந்து பார்த்தால் அத்தயக்கம் நீங்கும். அயலார்க்கு அது வெறும் கட்டம். வரைந்தவருக்கோ அடுப்படி எங்கே, அம்மா படுத்த திண்ணை எங்கே என்பது முழுதும் அதில் இருக்கும்.

இதை ஒரு மருத்துவர் ஏன் எழுத வேண்டும்? முதியவர்கள் மருத்துவமனையில் தங்கும்போது திடீர் மனக்குழப்பம் ஏற்படுவதுண்டு. இரவில் எழுந்து 'வீட்டுக்குப் போகிறேன்' என்பார்கள். பெற்ற மகளையே யாரென்று கேட்பார்கள். சிலர் பேச்சின்றிச் சோர்ந்து கிடப்பார்கள். இந்த அமைதியான வகை எளிதில் கவனத்துக்குத் தப்பிவிடும். இது பிடிவாதமும் அன்று, பைத்தியமும் அன்று. நோய்த்தொற்று, நீரிழப்பு, உப்புச்சத்துக் குறைவு, சிறுநீர் அடைப்பு, சில மருந்துகள், அறுவைச் சிகிச்சை எனக் காரணங்கள் பல. நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று குழம்பினால் உடனே செவிலியரிடம் தெரிவியுங்கள். நீங்களாகத் தூக்க மாத்திரை தராதீர்கள், குழப்பம் மிகலாம்.

காரணத்தைக் கண்டு தீர்ப்பது எங்கள் பொறுப்பு. அதனுடன் உறவினர் செய்யக்கூடியவையும் உண்டு. அவர் அணியும் கண்ணாடியையும் காதுக்கருவியையும் கொண்டு வாருங்கள். கடிகாரமும் நாட்காட்டியும் கண்ணில் படட்டும். பழகிய முகம் ஒன்று அருகில் இருக்கட்டும். பகலில் வெளிச்சமும் இரவில் உறக்கமும் கிடைக்கட்டும். மருத்துவர் தடுக்காதவரை தண்ணீர் அருந்தவும், எழுந்து உட்காரவும், நடக்கவும் துணை செய்யுங்கள். 'எங்கே இருக்கிறீர்கள், ஏன் வந்தீர்கள்' என்பதைச் சினமின்றிச் சொல்லுங்கள். மறந்தால் மீண்டும் சொல்லுங்கள்.

தெளிவாக இருக்கும் வேளையில் ஒரு தாளையும் பென்சிலையும் கொடுத்து, 'நம் வீட்டை வரையுங்கள்' என்று கேட்கலாம். கை நடுங்கினால் அவர் சொல்லச் சொல்ல நீங்கள் வரையுங்கள். கோடு கோணலானால் திருத்த வேண்டாம். வாசல் எந்தப் பக்கம், கிணறு எங்கே, பசு கட்டும் இடம் எது என்று கேளுங்கள். தாளைக் கட்டிலருகே அவர் கண்ணில் படும்படி ஒட்டி வையுங்கள். காலையில் நோயாளிகளைப் பார்க்க வரும் எங்களுக்கும் அது உதவும். கட்டில் எண்ணுக்குப் பின்னால் ஒரு வீடும் அதன் வாசலும் இருப்பதை அந்தத் தாள் எங்களுக்குக் காட்டும்.