எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் வாரங்களில், பல்கலைக்கழக வாசல்களை ஒட்டிய டிடிபி கடைகளில் ஓயாமல் காதில் விழும் கேள்வி ஒன்று உண்டு: "எத்தனை பர்சன்ட் வந்திருக்கு?" பிளேஜியரிசம் செக் செய்யும் மென்பொருள் காட்டும் எண் பத்துக்குள் இருந்தால் மாணவர் நிம்மதியாக பைண்டிங்குக்குக் கொடுத்துவிடுவார். பதினெட்டு என்றால் அன்றிரவு தூக்கம் போயிற்று. விடிய விடிய உட்கார்ந்து ஒரு சொல்லுக்கு இன்னொரு சொல்லைப் போட்டு வாக்கியங்களைப் புரட்டுவார். இந்தக் கருத்து யாருடையது, எந்த நூலில், எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அங்கே எவரும் கேட்பதில்லை. கடையில் கேட்காதது போகட்டும். துறைகளிலும் அந்தக் கேள்வி அருகி வருகிறது என்பதுதான் வருத்தம்.

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் கொண்டுவந்த ஒழுங்குமுறைப்படி, ஆய்வேட்டில் 10 சதவீதம் வரை ஒப்புமை இருந்தால் தண்டனை கிடையாது. அதற்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்கு மிகாத கெடுவுக்குள் திருத்தித் தர வேண்டும். 40-ஐத் தாண்டி 60 வரை போனால் ஓராண்டுக்குத் திருத்திய பிரதியையும் கொடுக்க முடியாது. 60-ஐயும் தாண்டினால் பதிவே ரத்து. மாணவர் மனதில் தங்குவது இந்த எண்கள் மட்டும்தான். ஆனால் அதே ஒழுங்குமுறை, மூலத்தை உரிய முறையில் குறிப்பிட்டுத் தந்த மேற்கோள்களையும் துணைநூற்பட்டியலையும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்கிறது. அதாவது, எடுத்த இடத்தை ஒழுங்காகச் சொன்னவருக்கு இந்த எண்ணைக் கண்டு நடுங்க வேண்டிய அவசியமே இல்லை.

மென்பொருளால் பார்க்க முடியாதவையும் நிறைய. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த தமிழ்ப் பக்கம் அதற்கு ஆங்கில எழுத்துகளின் பொருளற்ற வரிசையாகத்தான் தெரியும். இணையத்தில் ஏறாத பழைய அச்சு நூலிலிருந்து ஓர் இயலையே எடுத்து எழுதினாலும் அதற்குத் தெரியாது. சொல் மாறியதா என்று அது பார்க்கும். கருத்துக்கு உரியவர் பெயர் வந்ததா என்று பார்க்காது. அதைப் பார்க்க வேண்டியவர்கள் நெறியாளரும் புறத்தேர்வாளரும்தான்.

மேற்கோள் காட்டும் ஒழுங்கு மேல்நாட்டு இறக்குமதி, நம்மேல் சுமத்தப்பட்ட சடங்கு என்று சிலர் பேசிக் கேட்டிருக்கிறேன். உ.வே.சாமிநாதையர் பட்ட பாட்டை அறிந்தவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள். கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்துகொண்டே அவர் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முனைந்தபோது, நச்சினார்க்கினியர் உரை முழுவதும் பழம்பாடல் அடிகள் எடுத்துக்காட்டாக நிறைந்திருந்தன. பல இடங்களில் நூற்பெயர் இல்லை; பிறரும் இப்படிச் சொன்னார்கள் என்ற அளவில் உரையாசிரியர் நகர்ந்துவிடுகிறார். அவர் காலத்தில் பாடம் கேட்டவர்களுக்கு அந்த அடிகள் மனப்பாடமாக இருந்திருக்கும், அதனால் பெயர் சொல்லத் தேவைப்பட்டிருக்காது. சில நூற்றாண்டுகள் கழித்து ஏட்டைப் பிரித்தவருக்கோ ஒவ்வோர் அடியும் ஒரு புதிர். அந்த அடிகளின் தாய்வீட்டைத் தேடிப் போனதில்தான் ஐயர் பத்துப்பாட்டுக்குள்ளும் எட்டுத்தொகைக்குள்ளும் நுழைந்தார். சிந்தாமணி 1887-ல் வந்தது, பத்துப்பாட்டு 1889-ல், புறநானூறு 1894-ல். தமக்குக் கிடைக்காத உதவியைத் தம் வாசகருக்குச் செய்தார் அவர்: எந்தெந்த ஏட்டுப் பிரதிகள், யார் கொடுத்தவை, உரையில் வரும் மேற்கோள்கள் எந்த நூலைச் சேர்ந்தவை என்றெல்லாம் பதிப்புகளில் எழுதிவைத்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்று நாம் ரசித்துப் படிக்கும் முத்தொள்ளாயிரப் பாடல்களில் மிகப் பெரும்பாலானவை புறத்திரட்டு என்ற தொகைநூல் வழியே வந்தவை. மூலநூல் அழிந்துவிட்டது. இன்ன பாடல் இன்ன நூலினது என்று தொகுத்தவர் குறித்து வைத்ததால்தான் அவற்றை முத்தொள்ளாயிரம் என்று நம்மால் அடையாளம் காண முடிகிறது. தகடூர் யாத்திரைக்கும் கிட்டத்தட்ட இதே கதை. மயிலை சீனி.வேங்கடசாமி எழுதிய 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' இத்தகைய குறிப்புகளைத் துருவித் துருவி எழுந்தது. மூலத்தைச் சொல்லும் பழக்கம் ஒரு மொழியின் சொத்தையே காப்பாற்றியிருக்கிறது.

இனி நடைமுறைக்கு வருவோம். ஐயரின் 'என் சரித்திரம்' நூலிலிருந்து ஒரு செய்தியை எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் தொடராக வந்தது, 1950-ல் நூலானது, பிறகு பல பதிப்புகள் கண்டது. உங்கள் கையில் இருப்பது அண்மைய மறுபதிப்பாக இருக்கலாம். அதில் 412ஆம் பக்கத்தில் பார்த்ததை '1950, ப. 412' என்று எழுதினால், முதற்பதிப்பைத் திறப்பவருக்கு அந்தப் பக்கத்தில் வேறு ஏதோதான் கிடைக்கும். கையில் வைத்துப் படித்த பதிப்பின் ஆண்டும் பதிப்பகமும் பக்கமும்தான் குறிப்பில் வர வேண்டும். முதலில் வெளியான ஆண்டை வேண்டுமானால் கூடுதலாகச் சேர்க்கலாம். தலைப்புப் பக்கத்தைத் திருப்பினால் பின்புறத்தில் 'முதற்பதிப்பு', 'மறுபதிப்பு' விவரங்கள் இருக்கும். நூலகத்தில் உட்கார்ந்திருக்கும்போதே அந்த ஒரு பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளாதவர்கள், சமர்ப்பிக்கும் வாரத்தில் அதற்காகவே மறுபடி பஸ் ஏறுகிறார்கள்.

எண்ணிட்ட பாடல்களுக்கு இந்தக் கவலை இல்லை என்று நினைத்தால் அதுவும் தவறு. கம்பராமாயணத்தின் பாடல் எண்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறும். சேர்க்கைப் பாடல் எது, மூலம் எது என்ற முடிவு ஒவ்வொரு பதிப்பாசிரியருக்கும் வேறு. எனவே காண்டம், படலம், எண் ஆகியவற்றோடு எந்தப் பதிப்பு என்பதும் வந்தாக வேண்டும். குறளிலும் நாம் பழகியிருக்கும் வரிசை பரிமேலழகர் வரிசை. மணக்குடவர் உரையைப் பார்த்து எழுதுகிறவர் அதிகாரத்துக்குள் குறள்கள் இடம் மாறியிருப்பதைக் கவனிக்க வேண்டும்.

ஏ.பி.ஏ., எம்.எல்.ஏ., சிகாகோ, வான்கூவர் என்று இத்தனை முறைகள் எதற்கு என்று மாணவர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொன்றும் ஒரு துறையின் தேவையிலிருந்து வந்தது. ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் தரும் வழக்கத்தை ஹார்வர்டு விலங்கியலாளர் எட்வர்டு மார்க் 1881-ல், ஓடில்லாத நத்தையினம் ஒன்றைப் பற்றிய கட்டுரையில் கையாண்டார். அறிவியலில் ஒரு முடிவு எந்த ஆண்டில் வந்தது என்பது முக்கியம். பழையதைப் புதியது தள்ளிவிடும். அதனால் ஆண்டு கண்ணில் பட வேண்டும். இலக்கியத்தில் வரியைத் தேடிப் போகிறவருக்குப் பக்கம்தான் வேண்டும்; எம்.எல்.ஏ. முறை பெயரையும் பக்கத்தையும் தருகிறது. மருத்துவ இதழாசிரியர்கள் 1978-ல் வான்கூவரில் கூடி உருவாக்கியது, வாக்கியத்தை மறிக்காத வெறும் எண் முறை. வரலாற்று மாணவர் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பார்த்த அரசாணையின் எண், துறை, நாள் எல்லாவற்றையும் வாக்கிய நடுவே அடைக்க முடியாது. அவருக்கு அடிக்குறிப்புதான் சரி. அமெரிக்க உளவியல் சங்கத்தின் முறை 1929-ல் ஏழு பக்கக் கட்டுரையாகத் தொடங்கி, 2019-ல் வந்த ஏழாம் பதிப்பில் 400 பக்கங்களைத் தாண்டிவிட்டது. அத்தனையையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. உங்கள் துறை எதைக் கேட்கிறதோ அதைக் கடைசிவரை மாறாமல் பின்பற்றினால் போதும்.

தமிழ் ஆய்வேடுகளில் அடிக்கடி கண்ணை உறுத்தும் ஒன்று 'மேலது'. அடுத்தடுத்த குறிப்புகள் ஒரே நூலுக்கு என்றால் 'மேலது, ப. 45' என்று எழுதுகிறோம். பிறகு நெறியாளர் சொல்லி இடையில் ஒரு புதுக் குறிப்பைச் செருகினால், கீழே உள்ள 'மேலது' அத்தனையும் வேறு நூலைக் காட்டத் தொடங்கிவிடும். சிகாகோ கையேடே 2017-ல் வந்த 17ஆம் பதிப்பில், இதற்குப் பதிலாக ஆசிரியர் பெயரையும் சுருக்கத் தலைப்பையும் எழுதுவதே மேல் என்று சொல்லிவிட்டது. நாமும் மாறலாம்.

பெயர் இன்னொரு சிக்கல். மேல்நாட்டு முறைகள் குடும்பப் பெயரை முன்னால் கேட்கின்றன, நமக்கோ முன்னெழுத்து. தமிழ்ப் பட்டியலில் 'சாமிநாதையர், உ. வே.' என்று 'சா' வரிசையில் வைப்பதில் குழப்பம் இல்லை. ஆங்கிலக் கட்டுரைகளில்தான் முன்னெழுத்தை விரித்துத் தந்தையின் பெயரைக் குடும்பப் பெயராக்கிவிடுகிறார்கள். எழுதியவர் ஒருவர், தரவுதளத்தில் தேடினால் வருவது அவருடைய அப்பா பெயர். ஒரே ஆய்வாளர் இரண்டு மூன்று வடிவங்களில் சிதறிக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். முதல் கட்டுரையிலேயே ஒரு வடிவத்தை முடிவு செய்து அதையே கடைசிவரை எழுதுவது நல்லது.

இவையெல்லாம் கைப்பழக்கத்தில் சரியாகிவிடும். சொட்டெரோ போன்ற இலவச மென்பொருள் பட்டியலைத் தானே அடுக்கித் தரும், ஆனாலும் அது இழுத்துக்கொண்டு வரும் விவரத்தை ஒருமுறை சரிபார்த்தே ஆக வேண்டும். நான் அஞ்சுவது, பார்க்காத நூலைப் பார்த்ததாகக் காட்டும் வழக்கத்துக்குத்தான்.

பசலைக்கீரையில் இரும்புச்சத்து அதிகம் என்ற நம்பிக்கை, 19ஆம் நூற்றாண்டில் தசமப் புள்ளி இடம் மாறியதால் வந்தது என்று பல கட்டுரைகளில் படித்திருப்பீர்கள். பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 1981-ல் ஹாம்ப்ளின் இதை எழுதினார்; ஆதாரம் எதுவும் தரவில்லை. பின்வந்தவர்கள் அவரைக் காட்டினார்கள், அவர்களுக்குப் பின்வந்தவர்கள் இவர்களைக் காட்டினார்கள். 2010-ல் மைக் சட்டன் மூலத்தைத் தேடிப் போனபோது அப்படியொரு புள்ளிப் பிழைக்கு ஆதாரமே கிடைக்கவில்லை. நார்வே மானுடவியலாளர் ஓலே ரெக்டால் 2014-ல் இந்தச் சங்கிலியைக் கணு கணுவாகப் பிரித்து எழுதினார். ஒருவர் நூலில் மேற்கோளாகக் கண்டதை, மூலநூலையே படித்ததுபோலக் குறிப்பிடுவது நம் ஆய்வேடுகளிலும் சாதாரணம். 'இன்னார் நூலில் எடுத்தாளப்பட்டது' என்று ஒரு தொடர் சேர்த்தால் நேர்மையாகிவிடும். அதைச் சேர்க்க ஏன் இத்தனை தயக்கம்?

இல்லாத நூலையும் காட்டியிருக்கிறார்கள். எல்செவியர் நிறுவனம் கட்டுரையாளர்களுக்கு மாதிரிக்காகக் கொடுத்திருந்த ஒரு கற்பனைக் கட்டுரை, கிட்டத்தட்ட 400 ஆய்வுகளின் மேற்கோள் பட்டியலில் இடம்பெற்றிருந்ததை ஆன்-வில் ஹார்சிங் 2017-ல் வெளிக்கொணர்ந்தார். இப்போது சாட்ஜிபிடி வந்த பிறகு நிலைமை இன்னும் மோசம். அது தரும் குறிப்பில் ஆசிரியர், தலைப்பு, இதழ், ஆண்டு, பக்கம் எல்லாம் கச்சிதமாக இருக்கும். கட்டுரை மட்டும் இருக்காது. 2023-ல் நியூயார்க் நீதிமன்றம் ஒன்றில், அது புனைந்த தீர்ப்புகளை மனுவில் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. நம் ஆய்வேடுகளில் அதைப் பிடிக்க நீதிபதி வரப்போவதில்லை.

பல்கலைக்கழகங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. வாய்மொழித் தேர்வன்று, துணைநூற்பட்டியலிலிருந்து புறத்தேர்வாளர் தம் விருப்பத்துக்கு ஐந்து பதிவுகளைக் குறித்துக் கொடுக்கட்டும். மாணவர் அந்த நூல்களையோ அவற்றின் நகல்களையோ மேசைமேல் வைத்து, தாம் காட்டிய வரிகளைப் பக்கம் திருப்பிக் காட்டட்டும். இரண்டாம் கையாக எடுத்தது என்றால் அதையும் அங்கேயே சொல்லட்டும். ஆகும் செலவு அரைமணி நேரம். இப்படி ஒரு சோதனை உண்டு என்று சேரும் முதல் நாளே அறிவித்துவிட்டால், மாணவர்கள் நூலகத்தில் குறிப்பு எடுக்கும்போதே பக்க எண்ணையும் சேர்த்து எழுதத் தொடங்கிவிடுவார்கள்.