எம்.டி. பொது மருத்துவம்: கூட்டம் அலைமோதும் ஜி.ஹெச்.சைத் தேர்வு செய்யலாமா?

நீட் பி.ஜி. ரேங்க் வந்த கையோடு, எம்.டி. பொது மருத்துவம் படிக்க நினைக்கும் இளம் மருத்துவர்கள் மத்தியில் ஒரு கேள்வி சுற்ற ஆரம்பித்துவிடும். "பெரிய ஜி.ஹெச். போகலாமா, கொஞ்சம் அமைதியான காலேஜ் பார்க்கலாமா?" சீனியர்களிடம் கேட்டால் இரண்டு வகை பதில் வரும். "அங்க மூணு வருஷம் தாக்குப்பிடிச்சா எங்க போனாலும் பொழைச்சுக்கலாம்" என்பார் ஒருவர். "தூங்கவே முடியாது, யோசிச்சுக்கோ" என்பார் இன்னொருவர்.

இரண்டுமே உண்மைதான். ஆனால், சாய்ஸ் லாக் செய்ய இவை மட்டும் போதாது. வேலை எவ்வளவு என்று கேட்பதோடு, அது என்ன மாதிரியான வேலை, யார் மேற்பார்வையில் நடக்கிறது என்றும் கேட்க வேண்டும்.

கூட்டத்தால் என்ன லாபம்?

நோயாளியிடம் கேட்டு, தொட்டுப் பார்த்து, யோசித்து நோயைக் கண்டுபிடிக்கும் துறை பொது மருத்துவம். நிறைய நோயாளிகளைப் பார்க்காமல் இந்தக் கலை கைவராது. சென்னை சென்ட்ரல் ரயில் நிலையம் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை போன்றவற்றுக்குப் பல மாவட்டங்களிலிருந்தும் நோயாளிகள் ரெஃபர் ஆகி வருகிறார்கள். பாம்புக்கடி, எலிக்காய்ச்சல், ஸ்க்ரப் டைஃபஸ், மூளைக்காசம், குடியால் கெட்ட கல்லீரல், சர்க்கரை எகிறி மயங்கியவர் எனப் பாடப்புத்தகத்தின் பாதி அத்தியாயங்கள் ஒரே வார்டில் இருக்கும்.

ஓர் உதாரணம். பூச்சிமருந்து குடித்தவருக்கு அட்ரோபின் கொடுக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு கொடுப்பது? நெஞ்சில் சளிச் சத்தம் அடங்கியதா, இதயத்துடிப்பு 80-ஐத் தாண்டியதா, ரத்த அழுத்தம் ஏறியதா என்று பக்கத்திலேயே நின்று பார்த்துப் பார்த்து அளவைக் கூட்டிக் குறைக்க வேண்டும். பத்து நோயாளிகளிடம் இதைச் செய்தவருக்கு வரும் நிதானம், படித்து மட்டும் வராது.

பெரிய மருத்துவமனையில் இதயம், சிறுநீரகம், நரம்பியல் போன்ற சிறப்புத் துறைகளும் அதே வளாகத்தில் இருக்கும். பின்னாளில் நீட் எஸ்.எஸ். எழுதி டி.எம். படிக்க நினைப்பவர்களுக்கு இது பெரிய வசதி.

'அட்மிஷன் டே' என்றால் என்ன?

பொது மருத்துவத் துறை பல யூனிட்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு யூனிட்டிலும் சீஃப், உதவிப் பேராசிரியர்கள், பி.ஜி.க்கள், ஹவுஸ் சர்ஜன்கள் இருப்பார்கள். ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஓர் அட்மிஷன் நாள். அன்று துறைக்கு வரும் அட்மிஷன் எல்லாம் அந்த யூனிட்டின் கணக்கு.

காலையில் வேலையைத் தொடங்கும் முதலாண்டு பி.ஜி., இரவு முழுக்க நோயாளிகளைப் பார்த்துவிட்டு, மறுநாள் காலை ரவுண்ட்ஸிலும் நிற்க வேண்டியிருக்கும். 24 மணி நேர டியூட்டி 30, 36 மணி நேரமாக நீள்வது இப்படித்தான்.

விதி என்ன சொல்கிறது?

மத்திய அரசின் 1992-ம் ஆண்டு உறைவிட மருத்துவர் திட்டம், தொடர் பணி சாதாரணமாக நாளுக்கு 12 மணி நேரத்தையும், வாரத்துக்கு 48 மணி நேரத்தையும் தாண்டக் கூடாது என்றது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023-ம் ஆண்டு பட்ட மேற்படிப்பு விதிமுறைகளோ, 'நியாயமான பணி நேரம், நியாயமான ஓய்வு' என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்கின்றன. எத்தனை மணி நேரம் நியாயம் என்ற எண் அதில் இல்லை. வாரம் ஒருநாள் விடுமுறையும் ஆண்டுக்கு 20 நாள் சம்பளத்துடன் கூடிய விடுப்பும் உண்டு. ஆனால், வார விடுமுறை வேலையின் அவசரத்தைப் பொறுத்தது.

மருத்துவ மாணவர்களின் மனநலம் குறித்து ஆராய ஆணையம் அமைத்த பணிக்குழு, 2024-ல் வாரத்துக்கு 74 மணி நேரம் என்ற உச்சவரம்பைப் பரிந்துரைத்தது. அது பரிந்துரைதான்.

நேரத்தைக் குறைத்தால் போதுமா?

அமெரிக்காவில் 2003 முதல் பயிற்சி மருத்துவர்களுக்கு வாரம் 80 மணி நேரம்தான் வரம்பு. பாஸ்டனில் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்து 2004-ல் வெளியான ஆய்வு, பழைய நீண்ட டியூட்டி முறையில் இருந்தவர்கள், ஷிப்ட் சுருக்கப்பட்டவர்களைவிடச் சுமார் 36 சதவீதம் அதிகமாகக் கடுமையான தவறுகளைச் செய்ததைக் காட்டியது. தூக்கமின்மையின் விலையை நோயாளியும் கொடுக்கிறார் என்று அர்த்தம்.

ஆனால், 63 இன்டர்னல் மெடிசின் பயிற்சித் திட்டங்களை வைத்து நடந்த 'ஐகம்பேர்' ஆய்வின் முடிவு கொஞ்சம் வேறு. நீண்ட ஷிப்டுகளை அனுமதித்த இடங்களில் நோயாளிகளின் இறப்பு விகிதம் மோசமாகவில்லை என்று 2019-ல் அது சொன்னது. இதில் கவனிக்க வேண்டியது, இரு தரப்புக்கும் வாரம் 80 மணி நேர வரம்பு இருந்தது. நீண்ட ஷிப்ட் பார்த்த முதலாண்டினர் தங்கள் நலன் குறித்து அதிக அதிருப்தியில் இருந்ததும் அதே ஆய்வில் தெரிந்தது.

எது பாடம், எது வெறும் சுமை?

நள்ளிரவில் பாம்புக்கடி நோயாளியின் ரத்தம் 20 நிமிடத்தில் உறைகிறதா என்று பார்த்து, விஷமுறிவு மருந்தைத் தொடங்குவது பாடம். அதே நோயாளியின் ரத்த மாதிரியைக் கையில் எடுத்துக்கொண்டு லேபுக்கு ஓடுவது, ஸ்கேன் தேதிக்கு அலைவது, ரிப்போர்ட்டைத் தேடிப் பிடிப்பது, காப்பீட்டுத் திட்டப் படிவங்களை நிரப்புவது எல்லாம் ஊழியர் பற்றாக்குறையால் பி.ஜி. தலையில் விழும் சுமை. இரண்டு மருத்துவமனைகளிலும் 80 மணி நேர வேலை என்றாலும், ஒன்றில் 60 மணி நேரம் மருத்துவமாகவும், இன்னொன்றில் பாதி நேரம் அலைச்சலாகவும் போகலாம்.

யாரிடம், என்ன கேட்பது?

படித்து முடித்தவர்களிடம் மட்டும் கேட்டால் போதாது. பட்ட கஷ்டம் காலப்போக்கில் பெருமையாகிவிடும். இப்போது முதலாம், இரண்டாம் ஆண்டில் இருப்பவர்களிடம் இவற்றைக் கேட்கலாம்:

• அட்மிஷன் டேவுக்கு மறுநாள் எத்தனை மணிக்கு ரூமுக்குப் போக முடிகிறது?

• இரவு 2 மணிக்கு நோயாளி மோசமானால், உதவிப் பேராசிரியர் நேரில் வருவாரா, போனில் சொல்வாரா?

• ரத்த மாதிரியை லேபுக்குக் கொண்டுபோவது யார்?

• பெட்சைடு வகுப்பு டைம்டேபிளில் மட்டும் இருக்கிறதா, நிஜமாகவே நடக்கிறதா?

• ஃபைனல் இயர்கள் தேர்வுக்குப் போய், புது பேட்ச் இன்னும் வராத மாதங்களில் டியூட்டியை யார் பார்க்கிறார்கள்?

• காய்ச்சல் என்றால் லீவு கிடைக்குமா?

• பெண்களுக்குத் தனி டியூட்டி ரூம், உள்தாழ்ப்பாள், இரவில் செக்யூரிட்டி உண்டா?

கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் 2024 ஆகஸ்டில் கொல்லப்பட்ட பெண் மருத்துவர், இரவு டியூட்டியில் இருந்தபோது ஓய்வெடுக்கப் போனது ஒரு கருத்தரங்க அறைக்கு.

முடிவெடுக்கும் முன்...

சேர்ந்த பிறகு "சரிப்பட்டு வரல" என்று விலகுவது எளிதல்ல. எந்தச் சுற்றில் வெளியேறினால் டெபாசிட் போகும், படிப்புக்குப் பின் எத்தனை காலம் அரசுப் பணி செய்ய வேண்டும் என்பதையெல்லாம் அந்த ஆண்டின் கவுன்சலிங் கையேட்டில் படித்துவிட வேண்டும்.

கூட்டம் அதிகம், ஆனால் இரவில் கூப்பிட்டால் சீனியர் வருகிறார், வகுப்பு நடக்கிறது என்றால், அந்த ஜி.ஹெச்.சைத் தைரியமாக முதல் சாய்ஸாகப் போடலாம். கூட்டமும் அதிகம், கேட்க ஆளும் இல்லை என்றால், பெயர் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் பட்டியலில் கீழே தள்ளுவதில் தவறில்லை.

சேர்ந்தபின் தூக்கம் கெட்டு, மனம் சோர்ந்து, வாழ்க்கையே வேண்டாம் என்று தோன்றினால் தாமதிக்கக் கூடாது. மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416, 24 மணி நேரமும் இயங்குகிறது. மருத்துவர்களும் அழைக்கலாம்.