ஈஸா நபி கற்பனைப் பாத்திரமா?

கிறிஸ்தவ நண்பர்களுடன் விவாதிக்கும் நம் இளைஞர்கள் சிலர், "இயேசு என்று ஒருவர் வாழ்ந்ததே இல்லை, எல்லாம் பழைய புராணங்களிலிருந்து எடுத்தது" என்று வாதிடுகிறார்கள். நாத்திகர்களின் காணொளிகளில் கிடைத்த சரக்கு இது. நுனிக்கிளையில் உட்கார்ந்துகொண்டு அடிமரத்தை வெட்டுகிற வேலை. ஈஸா (அலை) அவர்களை இறைத்தூதர் என்று ஏற்காமல் நம் ஈமான் நிறைவாகாது. கிறிஸ்தவர்களோடு நமக்குள்ள கருத்து வேறுபாடு அவர் இறைவனா, தூதரா என்பதில்தான்.

ஈமான் ஒருபுறம் இருக்கட்டும், வரலாற்றின்படியும் இந்த வாதம் நிற்காது. 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் புரூனோ பாவர் இதைக் கிளப்பினார். 1909-இல் ஆர்தர் ட்ரூஸ் நூலாக எழுதிப் பரப்பினார். கிறிஸ்தவ நம்பிக்கையை விட்டு வெளியேறிய அமெரிக்க ஆய்வாளர் பார்ட் எர்மனே 2012-இல் இதை மறுத்துத் தனி நூல் எழுதியிருக்கிறார்.

யூத வரலாற்றாசிரியர் ஜோசிஃபஸ், கி.பி. 62-இல் ஜெருசலேமின் தலைமைக் குரு அனனஸ், யாக்கோபு என்பவரைக் கல்லெறிந்து கொல்லச் செய்ததைப் பதிவு செய்கிறார். யார் இந்த யாக்கோபு? கிறிஸ்து எனப்பட்ட இயேசுவின் சகோதரர் என்று அவரே அடையாளம் சொல்கிறார். (அதே நூலில் இயேசுவைப் புகழும் இன்னொரு பகுதியில் பிற்காலக் கிறிஸ்தவர்களின் கைவரிசை இருக்கிறது. அதை ஆதாரமாக எடுக்க வேண்டாம்.) பவுல் கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில், தாம் ஜெருசலேமில் பேதுருவுடன் 15 நாள் தங்கியதையும் இந்த யாக்கோபைக் கண்டதையும் சொல்கிறார். பவுலின் கொள்கை நமக்கு ஏற்புடையதல்ல, அது வேறு விஷயம். ஆனால் யார் யாரைச் சந்தித்தார் என்று கேட்டுப் பழகிய ஹதீஸ் மாணவருக்கு இந்தச் செய்தியின் எடை தெரியும்.

ரோமானியரான டாசிட்டஸும் கி.பி. 116 வாக்கில், கிறிஸ்துவுக்குப் பிலாத்து மரண தண்டனை விதித்ததாக எழுதினார். ஈஸா (அலை) கொல்லப்படவில்லை என்பது குர்ஆனின் (4:157) அறிவிப்பு. ஆனால் ஒருவர் வாழ்ந்தாரா என்பதும் அவருக்கு என்ன நேர்ந்தது என்பதும் இரு வேறு கேள்விகள்.

அதற்காக, கிறிஸ்தவர்கள் போற்றிய எல்லாப் பெயர்களும் வரலாறு ஆகிவிடாது. யோசபாத் என்ற இந்திய இளவரசரை இடைக்கால ஐரோப்பா புனிதராகக் கொண்டாடியது. ரோமத் திருச்சபையின் பழைய புனிதர் பட்டியலில் நவம்பர் 27 அவருக்குரிய நாளாக இருந்தது. உண்மையில் அது புத்தரின் கதை! அரண்மனையைத் துறந்த போதிசத்துவரின் கதை அரபிக்கு வந்தபோது அவர் பெயர் 'பூதாஸஃப்'. அரபியில் 'பா'வுக்குக் கீழே ஒரு புள்ளி, 'யா'வுக்கு இரண்டு. படியெடுத்த யாரோ ஒரு புள்ளியைக் கூட்டிவிட, பூதாஸஃப் 'யூதாஸஃப்' ஆனார். பிறகு ஜார்ஜிய மொழி, கிரேக்கம் வழியாக லத்தீனுக்குப் போய் யோசபாத் ஆனார். இவரைக் கண்டவர் என்று ஒருவரும் இல்லை. யாக்கோபைப் போல எதிரிகள் கொண்டுபோய் நிறுத்திய நீதிமன்றமும் இல்லை.