தைம் என்னும் நறுமணச் செடி

நெல்லும் மரக்கறியும் செய்கைபண்ணும் கமக்காரருக்கு நீரே முதற் செல்வமாகும். பயிர் வாடக் கண்டால் உடனே நீர் பாய்ச்சுவது அவர்தம் வழக்கம். ஆனால் இவ்வழக்கமே தைம் செடிக்குக் கேடாய் முடியும். இச்செடி வறட்சியை ஓரளவு தாங்கும். வேரடியில் நீர் தேங்குவதை ஒருபோதும் தாங்காது. இதனை மனதிற்கொண்டு பாத்தி அமைப்போர் பல ஆண்டுகளுக்குப் பயன் பெறலாம்.

செடியின் இயல்பு

தைம், துளசியும் கற்பூரவள்ளியும் அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தது. தாவரவியலார் இதனைத் தைமஸ் வல்காரிஸ் என்பர். மத்தியதரைக் கடலின் மேற்குப் பகுதியைச் சூழ்ந்த நாடுகளே இதன் தாயகம். அங்கு வறண்ட, கல் நிறைந்த சரிவுகளில் இது தானாக வளர்கின்றது. அரை அடி முதல் ஓரடி வரை உயர்ந்து பக்கங்களிற் படரும். இலைகள் மிகச் சிறியவை. அவற்றின் ஓரங்கள் கீழ்நோக்கிச் சுருண்டிருப்பதால் நீரிழப்புக் குறைகின்றது. இலையைக் கசக்கி முகர்ந்தால் ஓமத்தின் மணம் நினைவுக்கு வரும். தைமோல் என்னும் பொருள் இரண்டிலும் இருப்பதே இதற்குக் காரணம். இறைச்சி, மீன், சூப்பு முதலியவற்றிற்கு இவ்விலை மணமூட்டும்.

இடமும் மண்ணும்

நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளை ஆகிய இடங்களின் குளிர்ந்த காலநிலை இச்செடிக்கு உகந்தது. எனினும் அங்கு பெய்யும் மழைநீர் விரைவில் வடிந்தோடல் வேண்டும். நாள்தோறும் ஆறு மணி நேரமாவது வெயில் படும் இடத்தைத் தெரிவுசெய்க. களிமண் நிலமும் வயல் நிலமும் ஏற்றவையல்ல.

தெரிந்த இடத்தில் ஓரடி ஆழத்திற் குழி வெட்டி நீர் நிரப்பிப் பார்க்கவும். சில மணி நேரம் சென்றும் நீர் வடியாதிருப்பின் அவ்விடத்தை விலக்குக. பாத்தியை முக்கால் அடி முதல் ஓரடி வரை உயர்த்தி, மண்ணுடன் பருமணலும் உமிக்கரியும் கலத்தல் நன்று. மலைநாட்டு மண் பெரும்பாலும் அமிலத்தன்மை வாய்ந்தது. ஆகையால் மண்ணைப் பரிசோதித்து, வேண்டிய அளவு டொலமைற்று இடலாம். நடும்போது சிறிதளவு கூட்டெரு போதுமானது. கோவாவுக்கு இடுவதுபோல் யூரியாவை இட்டால் தண்டு மென்மையாகித் தழை பெருகும், மணமோ குறையும்.

தாழ்நாட்டில் வெப்பமும் பெரும்போக மழையும் இச்செடிக்கு இடர் செய்யும். அங்குள்ளோர் அடியில் துவாரமுள்ள சட்டிகளில் வளர்த்து, அடைமழைக் காலத்தில் தாழ்வாரத்தில் வைத்துக் காக்கலாம்.

நடுகை

விதை மிக நுண்ணியது. நாற்றுமேடையில் தூவி, மெல்லிய மணலால் மூடினாற் போதும். இரண்டு மூன்று வாரங்களில் முளைக்கும். விரைவிற் பயன் பெற விரும்புவோர், முற்றாத கிளைகளிலிருந்து மூன்று நான்கு அங்குல நீளமான துண்டுகளை வெட்டி, அடியிலைகளை நீக்கி, ஈர மணலில் ஊன்றி நிழலில் வைக்க வேண்டும். வேர்விட்ட பின்னர் ஓரடிக்கு ஒரு செடியாகப் பாத்தியில் நடுக.

நீர்ப்பாசனம்

புதுத்தளிர் விடும்வரை மண் காயாது காத்துக்கொள்க. அதன்பின் விரலை இரண்டு அங்குல ஆழம் மண்ணிற் செலுத்திப் பார்த்து, அங்கும் உலர்ந்திருந்தால் மட்டுமே நீர் விடுக.

செடி வாடினாலும் முதலில் மண்ணையே பார்க்க வேண்டும். மண் ஈரமாயிருக்கச் செடி வாடுமாயின், நோய் வேரில் உள்ளது எனக் கொள்க. அழுகிய வேர் நீரை உறிஞ்ச இயலாமையால், ஈரத்தின் நடுவிலும் செடி தாகமுற்றதுபோல் தோன்றும். அதனைக் கண்டு மேலும் நீர் ஊற்றினால் எஞ்சிய வேர்களும் அழுகிவிடும். அவ்வேளையில் நீரை நிறுத்தி, வடிகாலை ஆழமாக்குக. நலமாயுள்ள கிளைகளிலிருந்து துண்டுகள் எடுத்து வேறிடத்தில் ஊன்றி வைத்தால் இனம் அழியாது காக்கலாம். வைக்கோல் மூடாக்கு ஈரத்தைப் பிடித்துவைக்குமாதலால், அதற்குப் பதிலாகச் சிறுகற்களைப் பரப்புக.

அறுவடை

பூக்கத் தொடங்குமுன் இலையில் மணம் மிகுந்திருக்கும். காலையிற் பனி உலர்ந்தபின், செடியின் மேற்பகுதியில் மூன்றிலொரு பங்கை மட்டும் வெட்டுக. இலையற்ற முதிர்ந்த தண்டுவரை வெட்டினால் அது மீண்டும் தளிர்ப்பது அரிது. வெட்டிய கிளைகளைச் சிறு கட்டுகளாக்கி, காற்றோட்டமுள்ள நிழலில் உலர்த்திக் காற்றுப்புகாத போத்தல்களில் அடைக்கவும். மூன்று நான்கு ஆண்டுகளில் செடி முற்றி நடுவில் வெறுமையாகும். அதற்குமுன் புதுத் துண்டுகளை நட்டுக்கொள்க.

விற்பனைக்காகப் பயிரிட எண்ணுவோர், வாங்குவோரை முன்னரே உறுதிசெய்துகொள்ளல் நன்று. முதல் ஆண்டில் ஒரு சிறு பாத்தியே போதும். ஒரு மழைக்காலத்தை அது நலமாய்க் கடந்தபின், அப்பாத்தியிலிருந்தே துண்டுகள் எடுத்துச் செய்கையைப் பெருக்கலாம். மேலும் விபரம் வேண்டுவோர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுவாராக.