செல்லும் கிளினிக் தரமானதா? சித்தூர், திருப்பதியில் மருத்துவ நிலைய ஆய்வு நடைபெறுவது எப்படி?

சித்தூர்/திருப்பதி: காய்ச்சலோ வயிற்றுவலியோ வந்தால் பெரும்பாலானோர் முதலில் நாடுவது வீட்டுக்கு அருகிலுள்ள கிளினிக்கைத்தான். அங்கு சிகிச்சை அளிப்பவர் முறையாக மருத்துவம் பயின்றவரா, போடப்படும் ஊசி புதியதா என்பதை நோயாளியால் எளிதில் அறிய இயலாது. அந்தக் கேள்விகளை நோயாளியின் சார்பில் எழுப்புவதே தர ஆய்வின் நோக்கமாகும்.

இது தமிழக மக்களுக்கும் தொடர்புடைய விஷயம். நகரி, புத்தூர் உள்ளிட்ட எல்லைப் பகுதிகளில் தமிழ் பேசும் மக்கள் கணிசமாக வாழ்கின்றனர். சித்தூரிலிருந்து வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கும், தமிழக எல்லைப் பகுதிகளிலிருந்து திருப்பதிக்கும் நோயாளிகள் சென்று வருகின்றனர். ஆனால், எல்லையைக் கடந்தால் பொருந்தும் சட்டமும் மாறிவிடுகிறது.

தனியார் கிளினிக்குகளுக்கு எந்தச் சட்டம்?

தமிழகத்தில் தனியார் மருத்துவ நிலையங்களை 1997-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. ஆந்திரப் பிரதேசத்தில் 2002-ஆம் ஆண்டில் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டு, 2007-இல் விதிமுறைகள் வகுக்கப்பட்டன. இதன்படி, மருத்துவமனைகள், கிளினிக்குகள், பரிசோதனைக் கூடங்கள் அனைத்தும் மாவட்டப் பதிவு ஆணையத்திடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். களத்தில் ஆய்வு நடத்தும் பொறுப்பு மாவட்ட மருத்துவ, சுகாதார அலுவலருடையது. 2022 ஏப்ரல் 4-ஆம் தேதி சித்தூரிலிருந்து திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டதால், இரு மாவட்டங்களிலும் இப்பணி தனித்தனியாக நடைபெறுகிறது.

சட்டத்தின் பெயரே குறிப்பிடுவதுபோல, இது அலோபதி மருத்துவ நிலையங்களுக்கானது. தமிழகத்திலும் பெயர் பெற்ற 'புத்தூர் கட்டு' போன்ற பாரம்பரிய எலும்புக் கட்டு வைத்தியம் இச்சட்டத்தின் வரம்புக்குள் வருவதில்லை.

அதிகாரிகள் எதைப் பார்க்கின்றனர்?

முதலில் பார்க்கப்படுவது நிலையத்தின் பதிவுச் சான்றிதழும், மருத்துவரின் கல்வித் தகுதியும், மருத்துவ கவுன்சில் பதிவு எண்ணும்தான். ஆந்திர கிராமங்களில் 'ஆர்.எம்.பி.' என்ற பெயரில் சிகிச்சை அளிப்போர் பலர் உள்ளனர். அந்த எழுத்துகளுக்குப் 'பதிவு பெற்ற மருத்துவர்' என்பதே பொருள். ஆயினும், மருத்துவப் பட்டம் பெறாதவர்களைக் குறிக்கும் சொல்லாகவே அது வழக்கில் மாறிவிட்டது. தகுதியும் பதிவும் இன்றி மருத்துவத் தொழில் செய்வோருக்கு, 2019-ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் ஓராண்டு வரை சிறை, ரூ.5 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டையும் விதிக்க வழிவகுக்கிறது.

அடுத்தது மருத்துவக் கழிவு. 2016-ஆம் ஆண்டின் விதிகளின்படி, ரத்தம் தோய்ந்த பஞ்சும் கட்டுத்துணியும் மஞ்சள் பையிலும், குளுக்கோஸ் குழாய் போன்ற பிளாஸ்டிக் பொருள்கள் சிவப்புப் பையிலும், ஊசிமுனைகள் துளையிட முடியாத வெள்ளைப் பெட்டியிலும், கண்ணாடிக் குப்பிகள் நீலப் பெட்டியிலும் சேர்க்கப்பட வேண்டும். சுத்திகரிக்கப்படாத கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஸ்கேன் கருவி இருந்தால், பாலினத் தேர்வுத் தடைச் சட்டத்தின் கீழ் அதற்குத் தனிப் பதிவும், கருவின் பாலினம் தெரிவிக்கப்படாது என்ற அறிவிப்புப் பலகையும் கட்டாயம்.

இவை வெறும் காகித நடைமுறைகள் அல்ல. உத்தரப் பிரதேசத்தின் உன்னாவ் மாவட்டம் பாங்கர்மாவ் பகுதியில் முப்பதுக்கும் மேற்பட்டோருக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பது 2018-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தெரியவந்தது. போலி மருத்துவர் ஒருவர் ஒரே ஊசியைப் பலருக்குப் பயன்படுத்தியதே காரணம் எனச் சுகாதாரத் துறை குற்றம்சாட்டியது.

அரசு சுகாதார நிலையங்களின் நிலை என்ன?

அரசு மருத்துவமனைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் தேசியத் தர உறுதி அளவுகோல் பொருந்தும். 2013-இல் மாவட்ட மருத்துவமனைகளுக்காகத் தொடங்கப்பட்ட இத்திட்டம், பின்னர் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. சேவை வழங்கல், நோயாளிகளின் உரிமை, உள்கட்டமைப்பு, துணைச் சேவைகள், சிகிச்சை, தொற்றுத் தடுப்பு, தர மேலாண்மை, விளைவுகள் என 8 பிரிவுகளில் மதிப்பீடு நடைபெறும்.

மதிப்பீட்டாளர்கள் நேரில் பார்ப்பதோடு, ஊழியர்களிடமும் நோயாளிகளிடமும் பேசுகின்றனர். பதிவேடுகளையும் சரிபார்க்கின்றனர். ஒவ்வொரு அம்சத்துக்கும் 0, 1 அல்லது 2 மதிப்பெண் வழங்கப்படும். ஒட்டுமொத்தமாகக் குறைந்தது 70 சதவீதம் பெறுவது தேசியச் சான்றிதழுக்கான முக்கிய நிபந்தனை. சான்றிதழ் 3 ஆண்டுகளுக்குச் செல்லும்.

இதில் 'துணைச் சேவைகள்' என்ற பிரிவு சாதாரணமாகத் தோன்றலாம். மின்சாரம், குடிநீர், ஆக்சிஜன் ஆகியவை தடையின்றிக் கிடைக்கின்றனவா என்பது அதில்தான் ஆராயப்படுகிறது. 2021 மே 10-ஆம் தேதி இரவு திருப்பதி ரூயா அரசு மருத்துவமனையில் ஆக்சிஜன் அழுத்தம் குறைந்ததால் 11 கொரோனா நோயாளிகள் உயிரிழந்ததாக மாவட்ட நிர்வாகம் அறிவித்தது. ஆக்சிஜன் ஏற்றி வந்த டேங்கர் லாரி தாமதமானதே அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது.

முடிவுகள் மக்களுக்குத் தெரியுமா?

இங்கிலாந்தில் ஆய்வுக்கு உள்ளாகும் குடும்ப மருத்துவர் நிலையங்களுக்கு 'மிகச் சிறப்பு' முதல் 'போதாது' வரை 4 நிலைகளில் தரம் வழங்கப்படுகிறது. தரப் பராமரிப்பு ஆணையத்தின் அறிக்கையை எவரும் இணையத்தில் படிக்கலாம். பெற்ற தரத்தை நோயாளிகள் காணும் இடத்தில் வைப்பதும் கட்டாயம். இந்தியாவில் தனியார் கிளினிக்குகளுக்கு அத்தகைய பொதுத் தரவரிசை இல்லை. பதிவுச் சான்றிதழ் குறைந்தபட்சத் தகுதிக்கான அத்தாட்சி மட்டுமே. சிகிச்சையின் தரத்துக்கான மதிப்பெண் அல்ல.

நோயாளிகள் கவனிக்க வேண்டியவை

* பதிவுச் சான்றிதழ் பார்வையில் படும் இடத்தில் உள்ளதா, அது காலாவதியாகாமல் உள்ளதா என்று பார்க்க வேண்டும்.

* மருந்துச் சீட்டில் மருத்துவரின் பெயர், பட்டம், பதிவு எண் இருக்க வேண்டும்.

* ஊசி உறை நோயாளியின் கண்ணெதிரே பிரிக்கப்பட வேண்டும். பயன்படுத்திய ஊசி உடனே வெள்ளைப் பெட்டிக்குள் செல்ல வேண்டும்.

* கட்டணத்துக்கு ரசீது கேட்டுப் பெற வேண்டும்.

இவற்றில் குறை காணப்பட்டால், சிகிச்சை பெற்ற மாவட்டத்தின் மருத்துவ, சுகாதார அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் அளிக்கலாம். நோயாளி தமிழகத்தைச் சேர்ந்தவராக இருப்பினும், சித்தூர் கிளினிக் மீதான புகாரைச் சித்தூரிலும், திருப்பதி கிளினிக் மீதான புகாரைத் திருப்பதியிலும் அளிப்பதே முறையாகும்.