மனையும் இடைவெளியும்

புதுநிலத்தை வீட்டுமனைகளாகப் பகுக்குங்கால் அகலம், நீளம், தெருமுகம், வீட்டைச் சூழும் வெளி ஆகியவற்றை முன்னரே வரையறுத்தல் வேண்டும். அது மட்டும் போதுமோ?

இலண்டன்மாநகரில் 1665-ல் கொள்ளைநோயும் 1666-ல் பெருந்தீயும் விளைத்த நாசத்தை அறிந்தவர் வில்லியம் பென். பிலதெல்பியா நகரை நிறுவுதற்கு அவர் 1681-ல் விடுத்த கட்டளையில், ஒவ்வொரு வீடும் தன் மனையின் நடுவே நிற்க, இருமருங்கும் தோட்டம் அமைதல் வேண்டுமென விரும்பினார். தாமஸ் ஹோம் வரைந்த 1683-ஆம் ஆண்டுப் படத்தில் அகன்ற தெருக்களும் ஐந்து சதுக்கங்களும் இடம்பெற்றன.

ஆயினும், மனையைப் பின்னர்ப் பிளவாதபடி தடுக்கும் விதி இல்லை. உடையோர் இலாபங் கருதி அதனைத் துண்டாக்கினர், சந்துகள் தோன்றின, வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டின. எல்ஃப்ரெத் சந்து இன்றும் அதற்குச் சான்றாகும்.

ஆகவே அளந்து கொடுத்தல் பாதி. அளவைக் காத்தல் மறுபாதி. சகோதர அன்பு எனப் பொருள்படும் அந்நகரின் பெயர், அயலான் காற்றை மறியாதிருத்தலையும் நமக்குக் கற்பிப்பதன்றோ?