வீட்டுக் களிம்பும் விழிப்பான சோதனையும்

மார்கழி பிறந்ததும் திண்டுக்கல் சமவெளியில் காற்றின் குணமே மாறிவிடுகிறது. அதிகாலைப் பனியும் பகல்நேர வறட்சியும் மாறி மாறி வந்து, கைகால்களில் சாம்பல் பூத்தாற்போன்ற வெண்மையைப் படியச் செய்கின்றன. பெரியவர்களின் குதிகாலில் வெடிப்பு. விரல் கணுக்களில் கீறல். குழந்தைகளின் கன்னத்தில் சொரசொரப்பு. வானிலை பாதி காரணம் என்றால், உழைப்பு மீதிப் பாதி. 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டுக்கு அரம் பிடிக்கும் கைகள், தோல் பதனிடும் தொழிலகங்களில் சுண்ணாம்பு நீரில் நனையும் கைகள், சின்னாளபட்டியில் சாயம் தோய்க்கும் கைகள், நிலக்கோட்டைப் பக்கம் பொழுது விடியுமுன் மல்லிகை பறிக்கும் கைகள், கூடை கூடையாய்ச் சின்ன வெங்காயம் உரிக்கும் கைகள் எனப் பலவகைக் கைகளால் வாழும் ஊர் இது. இவற்றோடு, நாள் முழுவதும் பாத்திரமும் துணியும் துலக்கும் இல்லத்தரசியின் கைகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இக்கைகளுக்கு ஆறுதல் தேடிக் கடைக்குச் சென்றால் விலை மலைக்க வைக்கிறது. ஆகவே பல குடும்பங்களில் தேங்காயெண்ணெய், கற்றாழை, தேன், பன்னீர் ஆகியவற்றைக் கொண்டு மேற்பூச்சுகளைத் தாமே செய்துகொள்கின்றனர். கைப்பேசி வழியே நாள்தோறும் புதுப்புதுக் குறிப்புகளும் வந்து சேருகின்றன. ஒவ்வொன்றும், “முற்றிலும் இயற்கையானது, தீங்கே இல்லாதது” என்று உறுதி கூறுகிறது. இவற்றுள் எதை நம்புவது? சொன்னவரின் சொல்லையோ, பண்டத்தின் விலையையோ நம்ப வேண்டுவதில்லை. நம் தோலையே கேட்டறிய எளிய வழி உண்டு. அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தோல் வறள்வது ஏன்?

நமது தோலின் மேலடுக்கை ஒரு செங்கற்சுவருக்கு ஒப்பிடலாம். உலர்ந்த உயிரணுக்கள் செங்கற்கள். அவற்றினிடையே உள்ள கொழுப்புப் பொருள்கள் சாந்து. சாந்து உதிர்ந்தால், உள்ளிருக்கும் ஈரம் வெளியேறும்; வெளியிலுள்ள அழுக்கும் கிருமியும் உட்புகும். நல்ல நிலையிலுள்ள தோல் சற்றே புளிப்புத் தன்மை உடையது. சவர்க்காரமோ காரத்தன்மை கொண்டது. அடிக்கடி சவர்க்காரம் தேய்ப்பதும், கொதிக்கும் வெந்நீரில் குளிப்பதும் அந்தச் சாந்தை அரித்துவிடுகின்றன.

எனவே மேற்பூச்சு மூன்று வேலைகளைச் செய்யவேண்டும். ஈரத்தைப் பிடித்து வைப்பது ஒன்று. கிளிசரினும் தேனும் இதனைச் செய்வன. சொரசொரப்பை மென்மையாக்குவது மற்றொன்று. இது எண்ணெய்களின் பணி. ஈரம் ஆவியாகாமல் மேலே மூடிக் காப்பது மூன்றாவது. தேன்மெழுகு இதற்கு உகந்தது. கற்றாழைச் சோறு குளிர்ச்சி தருமேயன்றி, அது பெரும்பாலும் நீரே ஆதலால், மேலே எண்ணெய் பூசாவிடில் விரைவில் உலர்ந்துவிடும். நீர் கலவாத கிளிசரினை வறண்ட காற்றில் பூசினால், அது தோலின் உள்ளிருந்தே ஈரத்தை இழுக்கும். நம் பாட்டிமார் கிளிசரினுடன் பன்னீரைக் கலந்து பூசியதில் பொருள் இருந்தது.

இயற்கை என்ற சொல் மட்டும் போதுமா?

செடியிலிருந்து வந்தது என்பதால் மட்டும் ஒரு பொருள் தோலுக்கு நன்மை செய்துவிடாது. சலவைத் தொழிலாளர் துணிக்குக் குறியிடப் பயன்படுத்திய சேங்கொட்டையும் இயற்கையின் விளைவே. அதன் பால் பட்ட இடம் கொப்பளித்துப் புண்ணாகும். எருக்கம்பாலும் அத்தகையதே. இயற்கை உரத்தில் விளைந்தது என்னும் சான்று, செடி வளர்ந்த விதத்தைக் கூறுமேயன்றி, அது நம் கன்னத்திற்கு ஒத்துக்கொள்ளும் என்று கூறாது.

எலுமிச்சம்பழத்தைப் பாருங்கள். முகத்தை வெளுக்க வைக்கும் என்று எண்ணி அதன் சாற்றைப் பூசிக்கொண்டு வெயிலில் செல்வோர் உண்டு. தோலைவிடப் பன்மடங்கு புளிப்புடையது அச்சாறு. மேலும், எலுமிச்சை இனப் பழங்களில் உள்ள சில பொருள்கள் வெயிலுடன் சேர்ந்து தோலைச் சுட்டுப் புண்ணாக்கி, மாதக்கணக்கில் மறையாத கருந்திட்டுகளை ஏற்படுத்துகின்றன. வெண்மை தேடியவருக்குக் கிடைப்பது கறை! பிறவியில் அமைந்த நிறம் ஒரு குறையன்று. அதை மாற்றும் மூலிகையும் இல்லை. நாம் தேடவேண்டியது வெடிப்பும் அரிப்பும் இல்லாத நலமான தோலையே.

மருத்துவர்கள் கண்டறிந்தவை

வீட்டு எண்ணெய்களை மருத்துவ உலகம் புறக்கணித்துவிடவில்லை. பிலிப்பைன்ஸ் நாட்டில், தோல் வறட்சியுற்ற 34 பேரிடம் தேங்காயெண்ணெயையும் தாது எண்ணெயையும் ஒப்பிட்டுச் சோதித்தனர். நாளுக்கு இருமுறை வீதம் இரண்டு வாரம் கால்களில் பூசச் செய்தனர். 2004ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, இரண்டும் ஒன்றுக்கொன்று சளைக்காமல் வறட்சியைத் தணித்தன. நம் வீட்டுத் தேங்காயெண்ணெய்க்குக் கிடைத்த நற்சான்று இது.

வங்காளதேசத்தின் தலைநகர் டாக்காவில், குறைமாதத்தில் பிறந்த சிசுக்களுக்கு மருத்துவமனையிலேயே சூரியகாந்தி எண்ணெய் பூசிப் பார்த்தனர். அவ்வாறு பூசப்பட்ட குழந்தைகளுக்கு, மருத்துவமனையில் தொற்றும் நோய்கள் 41 விழுக்காடு குறைவாக இருந்தன என்பது 2005ஆம் ஆண்டில் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. தோலெனும் சுவரைக் காப்பது உயிரைக் காப்பதும் ஆகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

ஆனால் எல்லா எண்ணெயும் ஒன்றல்ல. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தார் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், பெரியவர்களின் கைகளில் சில வாரம் ஒலிவ எண்ணெய் பூசியபோது மேற்தோலின் கட்டுக்கோப்பு தளர்ந்து இலேசான சிவப்பும் தோன்றியது. சூரியகாந்தி எண்ணெயோ அக்கட்டுக்கோப்பைக் காத்தது, ஈரத்தையும் மிகுவித்தது. குழந்தையின் மேனிக்கென்று கடனை வாங்கியாவது ஒலிவ எண்ணெய் வாங்கும் பெற்றோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒலிவ எண்ணெய் நமக்குத் திருவழிபாட்டில் மதிப்புக்குரியது. எனினும், அது கிடைத்தற்கரிய நாடுகளில் நோயிற்பூசுதலுக்கு வேறு தாவர எண்ணெயையும் பயன்படுத்தலாம் என்று திருத்தந்தை ஆறாம் பவுல் 1972ஆம் ஆண்டிலேயே இசைவளித்தார். அருளடையாளத்திற்கே உள்ளூர் எண்ணெய் தகுமெனில், அன்றாட மேற்பூச்சுக்கு அது தகாதா?

நீர் சேர்ந்தால் கவனம் தேவை

வீட்டுப் பூச்சுகளில் பெரும்பாலான தொல்லைகள் நீரினால் வருகின்றன. கற்றாழை, பன்னீர், பால், பழச்சாறு என எது சேர்ந்தாலும் அதில் நுண்கிருமிகளும் பூஞ்சையும் பெருகும். நம் ஊர் வெப்பத்தில் நேற்று வைத்த குழம்பு என்ன ஆகுமோ, அதுவே இப்பூச்சுக்கும் ஆகும். வெடித்த தோலில் அதனைப் பூசுவது, கிருமிக்குக் கதவைத் திறந்து விடுவதாகும். வைட்டமின் ஈ மாத்திரையைப் பிழிந்துவிட்டால் கெடாது என்று சிலர் எண்ணுகின்றனர். எண்ணெய் காறிப்போவதை அது தாமதப்படுத்துமேயன்றிக் கிருமிகளைத் தடுக்காது. ஆகவே நீர் சேர்ந்த பூச்சை அன்றன்று செய்து அன்றே தீர்த்துவிடுவதே நலம்.

கற்றாழையைப் பயன்படுத்துவோர், மடலை வெட்டியவுடன் நிமிர்த்தி வைத்து, வடியும் மஞ்சள் பாலை முற்றிலும் நீக்கி, உள்ளிருக்கும் சோற்றைப் பலமுறை கழுவவேண்டும். அரிப்பை உண்டாக்குவது பெரும்பாலும் அந்த மஞ்சள் பாலே.

எளிய களிம்பு ஒன்று

நீர் சிறிதும் சேராத களிம்பு பல வாரங்கள் கெடாதிருக்கும். நூறு கிராம் தேங்காயெண்ணெய்க்கு இருபது கிராம் தூய தேன்மெழுகு போதும். இரண்டையும் ஒரு சிறு பாத்திரத்திலிட்டு, அப்பாத்திரத்தை வெந்நீருள்ள பெரிய பாத்திரத்தில் இறக்கி, மெல்லிய தீயில் உருக்க வேண்டும். நேரடித் தீயில் வைத்தால் பற்றிக்கொள்ளும். குழந்தைகளை அருகில் விடலாகாது. உருகியதும் இறக்கிக் கலக்கி, ஈரமற்ற சுத்தமான புட்டியில் ஊற்றி ஆறவிட வேண்டும்.

மெழுகு எதற்கு என்று கேட்கலாம். தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியஸ் வெப்பத்திலேயே உருகிவிடும். நம் சமவெளியில் மார்கழி, தை மாத விடியற்காலைகளில் உறைந்தாலும், ஆண்டின் பெரும்பகுதி அது திரவமே. தேன்மெழுகு உருகுவதற்கோ 60 பாகைக்கு மேல் வேண்டும். மெழுகு சேர்ந்த களிம்பு வழிந்தோடாமல் குதிகாலில் நிற்கும். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த காலென் என்னும் மருத்துவரின் பெயரால் வழங்கும் பழைய களிம்பும் எண்ணெய், தேன்மெழுகு, பன்னீர் ஆகியவற்றின் கலவையே. நாம் பன்னீரை மட்டும் விட்டுவிடுகிறோம். புட்டியில் காறல் வாடை வீசினால் இரக்கமின்றிக் கொட்டிவிட வேண்டும். ஈரக்கையை உள்ளே விடாமல், உலர்ந்த கரண்டியால் எடுக்கவேண்டும்.

மூன்று வாரச் சோதனை

முதல் வாரம், பூச்சு நமக்குத் தீங்கு செய்யுமா என்று பார்க்கும் வாரம். முழங்கையின் உட்புறத்தில் ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தில், நாளுக்கு இருமுறை, ஒரே இடத்தில் ஏழு நாள் பூசவேண்டும். சிவப்பு, அரிப்பு, தடிப்பு, கொப்புளம் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் கழுவிவிட்டு அப்பூச்சைக் கைவிட வேண்டும். ஒவ்வாமை சில நாள் கழித்தும் தலைகாட்டும் ஆதலால், ஒரே நாளில் முடிவு கட்டலாகாது. பல பொருள்களை ஒருசேரக் கலந்து சோதித்தால் குற்றவாளி எது என்று தெரியாது. ஆகவே ஒரு முறைக்கு ஒன்றே சோதிக்கவேண்டும்.

அடுத்த இரு வாரங்கள், பூச்சு பயன் தருகிறதா என்று அறியும் காலம். வலக்காலுக்கு வீட்டுக் களிம்பு. இடக்காலுக்கு வெறும் எண்ணெய் அல்லது வழக்கமாக வாங்கும் பூச்சு. இரு கால்களுக்கும் ஒரே குளியல், ஒரே சவர்க்காரம், ஒரே வேளை. மூன்று நாளுக்கு ஒருமுறை கணுக்காலுக்கு மேலே நகத்தால் மெல்லக் கோடிழுத்துப் பாருங்கள். வறண்ட தோலில் சுண்ணாம்புக் கோடுபோல் வெள்ளையாகத் தெரியும். ஈரமுள்ள தோலில் தெரியாது. எந்தக் காலுக்கு எது பூசினோம் என்பதை அறியாத ஒருவரைத் தொட்டுப் பார்த்துச் சொல்லச் செய்வது மிகவும் நன்று. நாமே அரைத்து, நாமே உருக்கிய பொருள்மேல் நமக்குள்ள பாசம் நம் கண்ணை மறைக்கும் அல்லவா? கண்டதைக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். வெறும் எண்ணெயே போதுமானது என்று தெரிந்தாலும் அது இழப்பன்று. உழைப்பும் காசும் மிச்சம்.

பூசும் வேளையும் முக்கியம். எண்ணெய் தேய்த்துப் பின்னர் சீயக்காயோ பயற்றமாவோ இட்டுக் கழுவிவிடுவது நம் மரபு. அது நல்ல குளியலே. ஆனால் பூசிய எண்ணெயின் பெரும்பகுதி நீரோடு போய்விடுகிறது. வறண்ட தோலுக்குக் குளித்து முடித்து, மேனியை ஒற்றித் துடைத்து, ஈரம் முழுதும் காய்வதற்குள் பூசுவதே சிறந்தது. கைகளுக்கு, இரவு பாத்திரம் துலக்கி முடித்தபின் ஒருமுறை தவறாமல் பூசலாம்.

களிம்பு போதாத இடங்கள்

உணர்ச்சி குன்றிய, நிறம் வெளிறிய அல்லது சிவந்த படை எங்கேனும் தென்பட்டால், அதற்கு எந்தப் பூச்சும் பூசிக் காத்திருக்க வேண்டா. அது தொழுநோயின் தொடக்கமாக இருக்கலாம். தொடக்கத்திலேயே கண்டுகொண்டால் கூட்டு மருந்தால் முற்றிலும் குணமாகும். அரசு மருத்துவ நிலையங்களில் அம்மருந்து இலவசம். மூடி மறைத்தால் கைவிரல்களையே இழக்க நேரிடும்.

சர்க்கரை நோயாளிகளின் குதிகால் வெடிப்பைச் சிறிது என்று எண்ணலாகாது. நாள்தோறும் பாதத்தைப் பார்த்துக் களிம்பு பூசலாம். ஆயினும் விரலிடுக்கில் பூசாமல் உலர்வாக வைத்திருக்க வேண்டும். இரத்தமோ சீழோ கண்டால் அன்றே மருத்துவரிடம் காட்டவேண்டும். எதைப் பூசியும் ஓயாத உடலரிப்புக்குத் தைராய்டு, சிறுநீரகக் கோளாறுகளும் காரணமாகலாம்.

மற்றும் ஓர் எச்சரிக்கை: தோலுக்கென வைத்துள்ள வேப்பெண்ணெய் குழந்தைகளின் வாயில் படலாகாது. மருந்தென்று எண்ணி அது புகட்டப்பட்ட கைக்குழந்தைகள் உயிருக்கே ஆபத்தான நிலையை அடைந்ததை மலேசிய மருத்துவர்கள் 1981ஆம் ஆண்டில் எழுதி உலகுக்கு அறிவித்தனர்.

அன்பு வாசகர்களே! வீட்டில் களிம்பு செய்யும் நாளில், முதற்புட்டியை யாருக்கு என்று எண்ணி வைப்பீர்கள்? இல்லத்தில் அனைவருக்கும் பூசிவிடும் தாயின் கைகளுக்குப் பூசிவிடுவார் பெரும்பாலும் எவரும் இலர். இன்றிரவு வேலையெல்லாம் முடிந்தபின் அக்கைகளைப் பற்றி, வெடித்த விரல் கணுக்களில் பிள்ளைகள் சிறிது எண்ணெய் தடவட்டும். மூன்று வாரச் சோதனையை அங்கிருந்தே தொடங்கலாம்.